ஒரே ஒரு வாக்கு: சீ.பீ. டி சில்வா கட்சி மாறிய கதை

கட்சி தாவல் என்றதும் இன்று நமக்குப் பெட்டியும் அமைச்சுப் பதவியும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. இந்த நாட்டில் ஓர் அரசாங்கத்தையே வீழ்த்திய தாவல் ஒன்று 1964 இல் நடந்தது. வகுப்பில் இதை விரிவாகப் பேச நேரம் கிடைப்பதில்லை, ஆகவே இங்கே பேசுவோம்.

சீ.பீ. டி சில்வா சிவில் சேவை அதிகாரியாக இருந்து அரசியலுக்கு வந்தவர். பொலன்னறுவைப் பக்கத்தில் காடு வெட்டி, குளங்களைத் திருத்தி, குடியேற்றத் திட்டங்களை நடத்தியவர். குடியேறிய விவசாயிகள் அவரை 'மின்னேரியாத் தெய்வம்' என்றே அழைத்தார்கள். மின்னேரியாக் குளத்தைக் கட்டிய மகாசேன மன்னனுக்கு மக்கள் கொடுத்த பெயர் அது! 1952 இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியில் பாராளுமன்றம் சென்றார்.

பிரதமர் நாற்காலி அவருக்குப் பக்கத்தில் வந்து வந்து விலகியது. 1959 ஆகஸ்டில் அமைச்சரவைக் கூட்டமொன்றில் பால் குடித்தபின் கடுமையாக நோயுற்று லண்டனுக்குச் சிகிச்சைக்குப் போனார். அடுத்த மாதம் பண்டாரநாயக்க சுடப்பட்டபோது மூத்தவரான இவர் நாட்டில் இல்லை. தஹநாயக்க பிரதமரானார். 1960 மார்ச் தேர்தலில் கட்சியை இவர்தான் வழிநடத்தினார், கிடைத்தது 46 ஆசனங்கள். ஜூலைத் தேர்தலுக்கு முன்பே தலைமை சிறிமாவோ அம்மையாரிடம் போய்விட்டது. இவர் காணி, நீர்ப்பாசன அமைச்சராகவும் சபை முதல்வராகவும் இருந்தார்.

1964 ஜூனில் சிறிமாவோ லங்கா சமசமாஜக் கட்சியைக் கூட்டணியில் சேர்த்தார். பிறகு லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசு கையேற்க ஒரு சட்டமூலம் வந்தது. நம் வீடுகளுக்கு வரும் தினகரனும் அந்த நிறுவனத்தின் பத்திரிகைதான். டிசம்பர் 3 அன்று சீ.பீ. 13 பேரையும் கூட்டிக்கொண்டு எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார். சிம்மாசனப் பிரசங்கத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அதே தஹநாயக்க! 74க்கு 73. அரசு தோற்றது.

பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவா, இரண்டு தடவை கைநழுவிய பதவியின் கசப்பினாலா? இரண்டும் இருந்திருக்கும் என்பதே நமது எண்ணம். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அந்த நேரம் அவர் கையில் அமைச்சுப் பதவி இருந்தது, அதை விட்டுத்தான் போனார். இன்றைய தாவல்களோடு இதை ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல. இன்னொரு விஷயம்: சோல்பரி யாப்பின் கீழ் கட்சி மாறினால் ஆசனம் போகாது. கட்சி விலக்கினால் ஆசனமும் போகலாம் என்ற ஏற்பாடு 1978 யாப்பில்தான் வந்தது.

1965 மார்ச்சில் அவரது புதிய கட்சி 5 ஆசனங்களைப் பெற்றது. டட்லியின் அரசில் மீண்டும் அதே காணி, நீர்ப்பாசன அமைச்சு. 1970 இல் மின்னேரியா மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். 1972 இல் காலமானார். மறு ஆண்டு, சிறிமாவோ அரசு லேக் ஹவுஸைச் சட்டம் போட்டுக் கையேற்றது.