கதவைத் தட்டும் 'மூப்பர்கள்': பிரான்ஸில் மோர்மன் இளைஞர்களின் இரண்டு வருடங்கள்

2018 நவம்பரில் பாரிஸின் வடக்குப் புறநகர் ஒன்றில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டையுடன் இரண்டு அமெரிக்கப் பொடியன்கள். அட்டையில் முதற்பெயர் இல்லை. மூப்பர் என்று பொருள்படும் 'எல்டர்' என்ற பட்டமும் குடும்பப் பெயரும்தான் இருந்தன. ஒரு மூப்பருக்கு வயது 20, மற்றவருக்கு 19.

வந்தவர்களை வாசலில் நிறுத்திப் பழக்கமில்லாத பெரியம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். அவர்கள் கூச்சத்தோடு மறுத்தார்கள். தேயிலை, கோப்பி, மது, புகையிலை நான்கும் அவர்களுக்கு விலக்கு. தண்ணீர் மட்டும் குடித்தார்கள். நான் வீட்டில் இருந்ததால்தான் உள்ளே வந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு பெண் தனியே இருக்கும் வீட்டுக்குள் ஆண் மிஷனரிகள் போகக்கூடாதாம்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் எம்மவர்கள் இவர்களை யெகோவாவின் சாட்சிகள் என்று மாறி விளங்கிக்கொள்வதுண்டு. இவர்கள் வேறு. 1830 இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. மோர்மன் என்ற பெயரைத் தவிர்க்கும்படி அதன் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018 இல் கேட்டுக்கொண்டார், ஆனாலும் வெளியே அந்தப் பெயர்தான் நிலைத்திருக்கிறது. பைபிளுடன் 'மோர்மன் புத்தகம்' என்ற நூலையும் வேதமாகக் கொள்கிறார்கள். தந்தை, மகன், தூய ஆவி மூவரும் வெவ்வேறானவர்கள் என்பது இவர்களின் போதனை. இவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானத்தைத் தான் ஏற்பதில்லை என்று வத்திக்கான் 2001 இல் அறிவித்தது. 1978 வரை ஆபிரிக்க வம்சாவளி ஆண்களுக்குக் குருத்துவம் மறுத்து வந்த சபை இது என்பதையும் சொல்ல வேண்டும்.

'வெளிநாட்டுக் காசு குடுத்துத்தான் இவையளை அனுப்புகினம்' என்று எங்களிடையே ஒரு பேச்சு இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை மறுபக்கம். சம்பளம் எதுவும் இல்லை. அமெரிக்காவிலிருந்து போகும் இளைஞரோ அவருடைய குடும்பமோ மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அப்போது அது 400 டொலர், 2020 ஜூலையிலிருந்து 500. எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே தொகை. நாட்டைத் தாங்களாகத் தெரிவுசெய்ய முடியாது. விண்ணப்பித்தால் சபைத் தலைமை ஒரு இடத்தைக் குறித்து அறிவிக்கும். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். போகக்கூடிய வயதை 2012 ஒக்டோபரில் ஆண்களுக்கு 19 இலிருந்து 18 ஆகவும் பெண்களுக்கு 21 இலிருந்து 19 ஆகவும் குறைத்தார்கள். அப்போது 58 ஆயிரம் அளவில் இருந்த மிஷனரிகளின் தொகை இரண்டு வருடத்துக்குள் 80 ஆயிரத்தைத் தாண்டியது.

எங்கள் வீட்டுக்கு வந்த இருவரும் யூட்டா மாநிலத்தின் புரோவோ பயிற்சி நிலையத்தில் சில வாரங்கள் பிரெஞ்சு படித்துவிட்டு விமானம் ஏறியவர்கள். இறங்கிய முதல் வாரம் பேக்கரியில் பாண் வாங்கவே தடுமாறியதாக இளையவர் சிரித்தார். காலை 6.30க்கு எழும்ப வேண்டும். உடற்பயிற்சி, தனியாக வேதப் படிப்பு, பிறகு இருவருமாகச் சேர்ந்து படிப்பு, மொழிப் படிப்பு. அதன்பின் தெரு, ரயில், படிக்கட்டு, அழைப்புமணி. இரவு 10.30க்கு விளக்கு அணைய வேண்டும். கிழமையில் ஒரு நாள் உடுப்புத் தோய்க்கவும் சாமான் வாங்கவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் விடுவார்கள். காதல், சினிமா எதுவும் கிடையாது. துணை மிஷனரியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய தூரத்திலேயே எப்போதும் இருக்க வேண்டும். பிடிக்காத ஒருவர் துணையாக வாய்த்தால்? 'அதுதான் மிகக் கஷ்டம்' என்றார் மூத்தவர், பக்கத்தில் இருந்தவரைப் பார்க்காமல்.

அன்றைய விதிப்படி, தாயின் குரலைக் கேட்பது வருடத்தில் இரண்டே நாட்கள்: கிறிஸ்மஸும் அன்னையர் தினமும். இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் பெரியம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. 'தாயோட கதைக்கிறதுக்கும் நாள் பாக்கிறதே?' 2019 பெப்ரவரியில் அந்த விதி மாறியது. இப்போது வாராவாரம் பேசலாம்.

பிரான்ஸில் இந்தப் பணிக்குப் பெயர்போனவர் மிட் ரொம்னி, 2012 இல் ஒபாமாவை எதிர்த்து அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர். 1966 இலிருந்து 1968 வரை 30 மாதங்கள் இங்கே கதவு தட்டினார். அவருடைய வயதுக்காரர்கள் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. மிஷனரிகளுக்குக் கட்டாய இராணுவச் சேவையிலிருந்து பின்போடல் கிடைத்தது. யார் போருக்குப் போனார்கள், யாருக்கு வேறு வழி இருந்தது என்ற கேள்வி பின்னாளில் அவரைத் தேர்தல் மேடை வரை துரத்தியது. இந்தக் கேள்வியை எங்கள் ஊர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. 1968 ஜூனில் தெற்குப் பிரான்ஸில் அவர் ஓட்டிய காருடன் எதிரே வந்த வாகனம் மோதியது. மிஷன் தலைவரின் மனைவி உயிரிழந்தார். ரொம்னியும் இறந்துவிட்டதாகவே முதலில் கருதப்பட்டது. துக்கத்தில் இருந்த தலைவர் அமெரிக்கா போயிருந்த வேளையில், 21 வயது ரொம்னியும் இன்னொரு இளைஞருமாகப் பொறுப்புகளைக் கவனித்தார்கள்.

வைன் இல்லாமல் சாப்பாடு இல்லை என்கிற நாட்டில் மதுவை விடு என்று போதிப்பவர்களுக்கு என்ன வரவேற்பு கிடைக்கும்? எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தீர்கள் என்று மூத்தவரிடம் கேட்டேன். பதினொரு மாதத்தில் ஒருவருக்கும் இல்லை என்றார்.

போதனையை ஒரு காலத்தில் பாடமாக்கி ஒப்புவித்தார்கள். 2004 இல் வந்த கையேடு அதை மாற்றியது. இப்போது கேட்பவரின் நிலைக்கு ஏற்பச் சொந்த வார்த்தைகளில் சொல்ல வேண்டும். ஆனால் பாடங்களின் அடக்கம் ஒன்றுதான்: ஸ்மித்தின் கதை, பிறப்புக்கு முன்னும் இறப்புக்குப் பின்னும் மனிதர் என்ன ஆகிறார், விசுவாசமும் மனந்திரும்பலும், கட்டளைகள். வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுப்பதும் கட்டளைகளில் அடக்கம். அதை ஆரம்பத்திலேயே கேட்டுத் தெளிவது நல்லது. ஞானஸ்நானத்துக்கான அழைப்பு மிக விரைவாகவே வரும், சில வேளை முதல் சந்திப்பிலேயே. தனிமையில் இருப்பவர்கள், புதிதாக வந்த அகதிகள், மொழி தெரியாதவர்கள் இந்த அன்பான குரலுக்கு இலகுவில் இணங்கிவிடுவார்கள் என்ற விமர்சனம் நியாயமானது. அந்தப் பொடியன்களின் அன்பு நடிப்பு அல்ல என்பதும் எனக்குத் தெரிந்தது.

அன்று அவர்கள் எடுத்த பாடம் குடும்பம். தங்கள் ஆலயத்தில் சேர்த்துவைக்கப்படும் குடும்பம் சாவுக்குப் பிறகும் பிரியாது என்றார்கள். இறந்துபோன உறவினருக்காக உயிரோடிருப்பவர் ஒருவர் பதிலாகத் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெறலாம் என்றும் சொன்னார்கள். அதற்கான ஆலயம் 2017 இல் வெர்சாய்க்குப் பக்கத்தில் லு ஷெனேயில் திறக்கப்பட்டிருந்தது. இந்த வழக்கம் எல்லோருக்கும் உவப்பானதல்ல. நாஸிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களுக்கு இப்படிச் செய்ததை யூத அமைப்புகள் எதிர்த்தன, 1995 இல் அதை நிறுத்தச் சபை உடன்பட்டது.

பெரியம்மா நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மூத்த மகன் பற்றி 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

'தம்பி, அந்தப் பிள்ளையளிட்டைக் கேள். என்ரை மூத்தவன்ரை பேரை எதிலை எழுதுவினம்? இருக்கிறவையின்ரை பக்கமோ, செத்தவையின்ரை பக்கமோ?'

ஆங்கிலத்தில் சொன்னேன். இருவரும் பேசவில்லை. கையேட்டைப் புரட்டிய இளையவர் பிறகு அதை மூடி வைத்தார். 'எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்கிறேன்' என்றார் மூத்தவர். மகனின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுத் தன் சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

ஆறு வாரங்களுக்கு ஒருமுறை அளவில் இவர்களை இடமோ துணையோ மாற்றுவார்கள். அடுத்த கிழமை இளையவர் வேறொருவருடன் வந்தார். மூத்தவர் இன்னொரு நகரத்துக்குப் போய்விட்டாராம், கொப்பியும் அவரோடு போயிருந்தது. பெரியம்மா இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, புதியவருக்கு விளங்கும்படி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.