ஒரு நாளைக்கு 135 நாய்

எங்க சாகுபுரம் பக்கம் தெருநாய்ப் பேச்சு வந்தாலே, "புடிச்சுக் கொன்னுட்டா முடிஞ்சுது" என்று யாராவது சொல்வார்கள். சென்னை மாநகராட்சி அதைத்தான் நூறு வருடத்துக்கு மேல் செய்து பார்த்தது. 1860-களில் ஆரம்பித்த வேலை, 1996 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய் வரை போய்விட்டது என்கிறார் புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா.

கொல்லக் கொல்ல ஏன் தீரலை? குப்பைமேடு அப்படியே இருக்கு. ஒரு தெரு காலியானால் பக்கத்துத் தெரு நாய் வந்து குட்டி போடும். அவ்வளவுதான் கணக்கு. (பம்பாயில் 1832-ல் நாய்களைக் கொன்றதற்காகப் பார்சிகள் கலவரமே பண்ணினார்கள், அது தனிக் கதை.)

கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று புளூ கிராஸ் 1964-லேயே சொன்னது. மாநகராட்சி இறங்கிவர முப்பது வருடம் ஆச்சு. 1996-ல் தென்சென்னையில் தொடங்கியது, 2001-ல் மத்திய அரசு விதியாகவே வந்துவிட்டது. 2023-ல் அதற்குப் பதில் புதிய விதிகள். மாநகராட்சியோ பேரூராட்சியோ, பொறுப்பு உள்ளாட்சிக்குத்தான்.

கடிபட்டவர் பயம் நியாயமானது, அதை நான் மறுக்கலை. ஆனால் கருத்தடையும் அரைகுறையாக நின்றால் பலிக்காது. நூற்றுக்கு எழுபது நாய்க்காவது, அதுவும் சீக்கிரம் முடிக்கணும். இல்லாட்டி மிச்சம் இருக்கிறதுங்க போடுற குட்டியே போதும்.