வெள்ளவத்தை ஆலையும் என் கயிறும்

1933 பெப்ரவரியில் கொழும்பு வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். கூலிக் குறைப்புத்தான் காரணம். அவர்களில் மலையாளிகள் பலர். 1923 பொது வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்க இம்முறை எதிர்ப்பக்கம் நின்றார். வேலையை நிறுத்தியவர்களுக்குப் பதிலாக வேறு ஆள் சேர்த்தார். இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பேச்சும் கிளம்பியது. அது பெரிய துரோகம் என்பதே என் முடிவு. தொழிலாளரோடு நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா; 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் கதை என் வேலையிலும் நினைவுக்கு வந்தது. மரம் வெட்டும் என் குழுவில் நாலு பேர். ஒருவன் ஏறுவதில் கெட்டிக்காரன், எதற்கும் குறுக்கே பேசுவான். காலி வீதிக்கு அருகே ஒரு வளவில், மழையில் நனைந்த பலாமரத்தடியில் மற்றவர்கள் முன்னால் மறுத்தான்.

"அண்ணை, கொப்பு வழுக்குது, கயிறும் நைஞ்சு போச்சு. நான் ஏறமாட்டன்."

விரித்துப் பார்த்தேன். ஒரு புரி அறுந்திருந்தது.

"சரி தம்பி, இனிக் காலையிலை கயிறு பார்க்கிறது உன்ரை பொறுப்பு."

இலங்கையின் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்க, அவரது எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்கு அது செல்லாது; என் குழுவுக்கும் அப்படித்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்குப் பதிலாக எனக்கு வேறு ஆள் வரும். நான் சொல்லவில்லை; புதுக் கயிறு வாங்கினேன். அவன் வாய் குறையவில்லை. இப்போது சம்பளம் கூட்டிக் கேட்கிறான், கொடுக்கத்தான் வேண்டும்.