'புரோபயாட்டிக்' ஒரு மருந்தின் பெயரன்று

எரிச்சல் குடல் நோய்க்கு (ஐ.பி.எஸ்.) புரோபயாட்டிக் பலன் தருமா? அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல், மருத்துவ ஆய்வின் பகுதியாக மட்டுமே கொடுக்கலாம் என்றது. பிரிட்டிஷ் சங்கமோ 2021இல், 12 வாரம் வரை கொடுத்துப் பார்க்கலாம், குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றது. ஆனால் எந்த நுண்ணுயிரைக் கொடுப்பது என்று அதனால் சுட்ட முடியவில்லை. இந்த முரண்பாட்டின் வேர் கேள்வியிலேயே இருக்கிறது என்பது என் வாதம். 'ஆன்டிபயாட்டிக் காய்ச்சலைப் போக்குமா' என்று எந்த மருத்துவரும் கேட்பதில்லை. எந்த மருந்து, எந்தக் கிருமிக்கு, எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். புரோபயாட்டிக்கை மட்டும் ஏன் மொத்தமாக எடை போடுகிறோம்?

பெயரும் அளவும் சரியாக இருந்தால்கூடப் போதாது என்பதற்கு 2006இல் பிரிட்டனில் 362 பெண்களிடம் நடந்த ஆய்வு சான்று. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் 35624 என்ற திரிபை (ஓர் இனத்துக்குள் அடங்கும் தனி வகையை) மூன்று அளவுகளில் கொடுத்தார்கள்: பத்து லட்சம், பத்துக் கோடி, ஆயிரம் கோடி. நான்கு வார முடிவில் நடு அளவு மட்டுமே போலி மாத்திரையை வென்றது. ஆயிரம் கோடி ஏன் தோற்றது? அந்தக் கேப்சூல் ஈரம் பட்டதும் கரையாமல் பசைபோல் இறுகிக்கொண்டதை ஆய்வாளர்களே கண்டறிந்தனர். உள்ளே கோடிகள் இருந்தும் குடலுக்குப் போய்ச் சேரவில்லை. தோற்றது நுண்ணுயிரன்று, அதன் பொதிதான். 'புரோபயாட்டிக் பயன் தரவில்லை' என்று எழுதப்பட்ட முடிவுகளில் இத்தகையவை எத்தனை கலந்திருக்குமோ!

ஜெர்மனியில் 443 நோயாளிகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு இன்னும் ஆழமான கேள்வியை எழுப்புகிறது. அதில் கொடுத்தது சூடேற்றிக் கொன்ற பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடம். பலன் கண்டவர்கள் 34%. போலி மாத்திரைக் குழுவில் 19%. உயிருள்ள நுண்ணுயிரே புரோபயாட்டிக் என்பது 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் வகுத்த வரையறை. செத்த பாக்டீரியாவும் வேலை செய்கிறதென்றால், அதன் மேற்பரப்பு குடற்சுவரோடு கொள்ளும் உறவுக்கும் பங்கு இருக்கலாம். அந்த மேற்பரப்பு திரிபுக்குத் திரிபு மாறும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 'எங்கள் திரிபு வேறு' என்று ஒவ்வொரு நிறுவனமும் தப்பித்துக்கொள்ள இது வழிவிடாதா? விடும். அதற்குத் தடை, அதே திரிபை வேறொரு குழு திரும்பச் சோதிப்பதுதான். லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் 299வி-யைப் பாருங்கள். இந்தியாவில் 214 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில் 78% பேர் பலன் 'நன்று' அல்லது அதற்கு மேல் என்றார்கள். போலி மருந்துக்கு அப்படிச் சொன்னவர்கள் 8%. தென்னாப்பிரிக்காவில் 81 பேரிடம் நடந்த 2014 ஆய்விலோ வேறுபாடே இல்லை. எனக்கு உறுத்துவது அந்த 8%. இந்த நோயில் போலி மாத்திரைக்கே இதைவிடக் கணிசமானோர் தேறுவது வழக்கம். மதிப்பிட்ட முறை வேறு என்று கொண்டாலும் இந்தச் சரிவு விளக்கம் கோருகிறது. 2023இல் 82 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொகுத்தும் சான்றின் உறுதி பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. பல திரிபுகளை ஒரே கூடையில் கொட்டிக் கூட்டுவதால் இந்த உறுதி வந்துவிடாது.

தயிரும் பழைய சோறும் நல்ல உணவு. அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு, பானைக்குப் பானை நுண்ணுயிர் மாறும். ஓர் ஆய்வின் முடிவை எடுத்து அவற்றின் மேல் ஏற்ற முடியாது.

எண்டோஸ்கோப்பி பார்த்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பப்பட்டவரின் வலி உண்மையானது; அவர் காசும் வீணாகக் கூடாது. அவர் கொண்டுவரும் சாஷேயைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பாக்டீரியாவின் பெயருக்குப் பின்னால் திரிபின் எண் அச்சாகியிருக்கிறதா? இல்லையென்றால் எந்த ஆய்வின் முடிவும் அதற்குப் பொருந்தாது. இருந்தால், ஆய்வில் கொடுத்த அதே அளவில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கொடுத்து, வலியையும் மலப்போக்கையும் நாள்தோறும் குறித்துவரச் சொல்லலாம். பன்னிரண்டாம் வாரத்தில் அந்தக் குறிப்பைப் பார்த்து, மாற்றமில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும்.