சீட்டு ஒன்று, பலன் இரண்டு



பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "சார், இரண்டு பேரிடம் டாரோ சீட்டுப் பார்த்தேன். வந்தது ஒரே சீட்டு. ஒருவர் வேலையை விடு என்கிறார், மற்றவர் விடாதே என்கிறார். யாரை நம்ப?"

டாரோ, 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் விளையாட்டுச் சீட்டு. 1781இல் பாரிஸில் கூர் த ழெபெலன் என்பவர், அதில் பண்டைய எகிப்தின் ஞானம் ஒளிந்திருப்பதாக எழுதினார். ஆதாரம் கிடையாது. ஆனாலும் அதன்பின் பலன் சொல்வது பரவியது. இன்று பலரும் வைத்திருக்கும் 78 படங்கள் 1909இல் லண்டனில் வெளிவந்தவை. அர்த்தம் சீட்டோடு பிறக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் ஏற்றியது.

நம்ம ஊர் கிளி ஜோசியமும் அப்படித்தான். வடலூர் தைப்பூசக் கூட்டத்தில் எனக்கும் நண்பனுக்கும் முருகன் படமே வந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்திருந்த எனக்கு 'உத்தியோகம்'. தங்கைக்கு வரன் தேடிய அவனுக்கு 'வீட்டில் மேளச் சத்தம்'. உட்காரும் முன் நாங்கள் பேசியதெல்லாம் ஜோசியர் காதில் விழுந்திருந்தது!

2024 தேர்தலில் நம் கடலூர் தொகுதியில் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்றார் ஒரு கிளி ஜோசியர். கிளி வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று வனத்துறை அவரைப் பிடித்தது. தேர்தலில் வென்றவரோ விஷ்ணு பிரசாத்.

மாணவியிடம் சொன்னேன்: "அந்தச் சீட்டை வைத்துவிட்டு, சம்பளச் சீட்டையும் வீட்டுக் கடன் கணக்கையும் எடும்மா. அதை யார் படித்தாலும் ஒரே பலன்தான்."