1962 இந்திய–சீனப் போரும் தமிழக மக்கள் மனநிலையும்

1962 அக்டோபர் 20 அன்று தொடங்கி நவம்பர் 21 வரை ஒரு மாதமே நீடித்த இந்திய–சீனப் போர், எல்லையிலிருந்து வெகுதொலைவில் இருந்த தமிழ்நாட்டின் (அன்றைய சென்னை மாநிலம்) அரசியலிலும் மக்கள் எண்ணத்திலும் ஆழ்ந்த மாற்றங்களை உண்டாக்கியது. நேற்று வரை நட்பு நாடு எனப் போற்றப்பட்ட ஓர் அண்டை வல்லரசு, சில நாள்களிலேயே பகை நாடாகப் பார்க்கப்பட்டது.

போருக்கு முன் இருந்த நட்பு

1954 ஏப்ரலில் இந்தியாவும் சீனாவும் பஞ்சசீல உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 1956 டிசம்பரில் சீனப் பிரதமர் சூ என்லாய் சென்னைக்கு வந்தார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் மாமல்லபுரத்தையும் பார்வையிட்டார். ஆனால் 1959இல் திபெத்திய எழுச்சியும், தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்ததும், எல்லை மோதல்களும் உறவைக் கசப்பாக்கின. ஆயினும் பெரும்போர் வரும் என்று பொதுமக்கள் எதிர்பார்க்கவில்லை. தோல்வி தந்த அதிர்ச்சி அதனால்தான் அவ்வளவு பெரிதாக இருந்தது.

போர்க்கால எழுச்சி

1962 அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தேசியப் பாதுகாப்பு நிதிக்கு மக்கள் பணமும் நகையும் வழங்கினர். எம்.ஜி.ஆர். உள்ளிட்ட திரைக்கலைஞர்களும் நிதி அளித்தனர். போரைப் பின்னணியாகக் கொண்டு சிவாஜி கணேசன் நடித்த ‘இரத்தத் திலகம்’ திரைப்படம் 1963இல் வெளிவந்தது. அவசரகால அதிகாரிகளுக்குப் பயிற்சியளிக்க 1963 சனவரியில் சென்னையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது.

திராவிட நாடு கோரிக்கை

போரின் மிகப்பெரிய அரசியல் விளைவு திராவிட முன்னேற்றக் கழகத்தில் நிகழ்ந்தது. 1962 பொதுத்தேர்தலில் அக்கட்சி சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பெற்றிருந்தது. அதே ஆண்டு மே மாதம் மாநிலங்களவையில் ஆற்றிய முதல் உரையில் சி. என். அண்ணாதுரை தன்னாட்சி உரிமை பற்றிப் பேசினார். விலைவாசி உயர்வை எதிர்த்த போராட்டத்திற்காக அவர் சூலையில் வேலூர் சிறையில் அடைக்கப்பட்டார். சீனத் தாக்குதல் தொடங்கியதும் தி.மு.க. நாட்டின் பாதுகாப்புக்கு முழு ஆதரவு அளித்தது. பிரிவினைப் பரப்புரையை நிறுத்தியது. 1963இல் இந்திய ஒருமைப்பாட்டிற்கு எதிரான பரப்புரையைத் தடுக்கும் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. அதே ஆண்டு கட்சி திராவிட நாடு கோரிக்கையை முறைப்படி கைவிட்டு, மாநில உரிமைகளை முன்னிறுத்தியது.

இதற்கு மக்கள் உணர்வும் காரணம், புதிய சட்டமும் காரணம். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது வரலாற்றை முழுமையாகக் கூறியதாகாது. எல்லையைக் காக்க முன்வந்த அதே தமிழகத்தில்தான் 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் திரண்டனர். நாட்டுப்பற்றும் மொழிப்பற்றும் அவர்களுக்கு முரணாகத் தோன்றவில்லை.

பொதுவுடைமையர் மீதான ஐயம்

போர், பொதுவுடைமைக் கட்சியைப் பெரும் சோதனைக்கு உள்ளாக்கியது. 1962 நவம்பரில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் தேசியக்குழு சீனாவைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பேச்சுவார்த்தையை வலியுறுத்திய பிரிவினர் ‘சீன ஆதரவாளர்’ என முத்திரை குத்தப்பட்டனர். பாதுகாப்பு விதிகளின் கீழ் பலர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டனர். முன்பே இருந்த கொள்கை வேறுபாடுகள் இதனால் முற்றி, 1964இல் கட்சி இரண்டாகப் பிளந்தது. தமிழகத்தின் பி. இராமமூர்த்தி மார்க்சியக் கட்சியின் முதல் அரசியல் தலைமைக் குழுவில் இடம்பெற்றார்.

எளியோர் கொடுத்த விலை

போரின் சுமை போர்க்களத்தில் இல்லாதவர் மீதும் விழுந்தது. 1963 சனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட புதிய நகை செய்வதைத் தடை செய்தன. பரம்பரையாகத் தொழில் செய்த பொற்கொல்லர்கள் பிழைப்பை இழந்தனர்.

இதைவிடக் கொடியது இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினரின் நிலை. அசாம், மேற்கு வங்கம் முதலிய பகுதிகளிலிருந்து சுமார் 3,000 பேர் ரயிலேற்றப்பட்டு, இராசத்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். குழந்தைகளும் முதியோரும் அவர்களில் இருந்தனர். சிலர் பல ஆண்டுகள் கழித்தே வெளிவந்தனர். சென்னையில் சீனப் பல் மருத்துவர் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தொழில் செய்து வந்தன. நாடு முழுவதும் சீன வம்சாவளியினர் மீது புதிய சட்டக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. ஓர் அரசின் செயலுக்கு, அந்த அரசோடு தொடர்பே இல்லாத குடும்பங்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

கடம்பத்தூர் வட்டாரமும் போரின் தடமும்

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் கடம்பத்தூர், சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் உள்ளது. 1962இல் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இதே பாதையில் கிழக்கே உள்ள ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைக்கும் திட்டம் போருக்கு முன்பே உருவானது. போருக்குப் பின் அதன் தேவை எல்லோருக்கும் விளங்கியது. 1965 இறுதியில் அங்கிருந்து முதல் ‘விஜயந்தா’ பீரங்கி வண்டி வெளிவந்தது. வேளாண்மையை நம்பியிருந்த வட்டாரம் தொழில் வட்டாரமாக மாறியதில் இத்தகைய ஆலைகளுக்கும் பங்குண்டு.

பிற்காலம்

சீன அரசு இப்போரைத் ‘தற்காப்பு எதிர்த்தாக்குதல்’ என்றே குறிப்பிட்டு வருகிறது. இந்தியாவிலோ அது ஆறாத வடுவாக நினைவில் நிற்கிறது. 2019 அக்டோபரில் சீன அதிபர் சி சின்பிங் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரைச் சந்தித்தபோது, சூ என்லாயின் பழைய வருகை மீண்டும் பேசப்பட்டது. எட்டே மாதங்களில், 2020 சூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவில்தார் பழனி அவர்களுள் ஒருவர்.

நட்பு முழக்கமும் பகை முழக்கமும் விரைவில் மாறிவிடுகின்றன. அந்த நாள்களில் நகையைக் கழற்றிக் கொடுத்தவர்களின் ஈகையைப் போலவே, தேவ்லியில் அடைபட்டவர்களின் துயரமும் 1962இன் வரலாற்றில் இடம்பெற வேண்டிய பக்கமாகும்.