மணல் என்னும் சாடி: கற்பிட்டிக் கரையில் வெண்டிச் செய்கை

அரசுகளின் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் நிலைத்து நிற்கிறது. பயிர்களின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படாமலே மறைந்துவிடுகிறது. புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாடு இதற்குத் தக்க சான்றாகும். 1667ஆம் ஆண்டு தொடக்கம் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டையினாலும், இங்கு 1807இல் பிறந்து, ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் புலவர் வரலாற்று நூலை 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டியினாலும் கற்பிட்டி வரலாற்று மாணவருக்கு அறிமுகமானதே. ஆயின் கோட்டை மதிலுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் மணற்றோட்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அத்தோட்டங்களில் விளையும் எளிய பயிராகிய வெண்டியை முன்னிறுத்தி அவ்வரலாற்றின் ஒரு பகுதியை நோக்குதல் பயனுடையதாகும்.

வெண்டியின் தாயகம் ஆபிரிக்காவா, தென்னாசியாவா என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அதன் பரவலில் ஆபிரிக்க மக்கள் பெற்ற இடம் பெரிது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட அம்மக்களோடு இப்பயிர் அத்திலாந்திக் கடலைக் கடந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஒக்ரா’ என்னும் பெயரும் மேற்காபிரிக்க மொழியிலிருந்தே வந்தது. எங்குச் சென்றபோதும் இப்பயிர் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. மண்ணின் வெப்பம் 18 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குமாயின் விதை முளைக்கத் தயங்கும். உறைபனி பட்டால் செடி மடியும். வெயிலில் சுடும் கற்பிட்டி மணலில் இக்குறை எழுவதில்லை. நேராகக் கீழிறங்கும் அதன் ஆணிவேருக்கும் இளகிய மணல் தடையாவதில்லை.

ஆனால் வெப்பத்தைத் தரும் மணல் வேறொன்றையும் தருவதில்லை. ஊற்றிய நீர் நில்லாது கீழிறங்குகிறது. இட்ட எருவின் சத்தும் அதனோடு கரைந்து செல்கிறது. ஒரு புறம் கடலும் மறு புறம் களப்பும் சூழ்ந்த இந்நிலத்தில் ஆறு இல்லை, மலை இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் மழைநீரே மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கிறது. சில அடி ஆழத்திலேயே நன்னீர் கிடைப்பதன் காரணம் இதுவே. இந்நீரைக் கொண்டே புகையிலை, மிளகாய், சிவப்பு வெங்காயம், வெண்டி முதலியன வறண்ட மாதங்களிலும் விளைவிக்கப்பட்டு வந்துள்ளன.

முற்காலத்துச் செய்கையில் நீரை முகந்து ஊற்றியது மனிதனின் கை. ஒருவரால் ஒரு நாளில் எவ்வளவு நீரைச் சுமக்க முடியுமோ அவ்வளவே தோட்டத்தின் பரப்பு. ஆதலால் கையின் வலுவே நிலத்தடி நீருக்குக் காவலாகவும் அமைந்தது எனலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீரிறைக்கும் இயந்திரமும் இரசாயனப் பசளையும் பரவியபோது இக்காவல் நீங்கியது. 1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியமை இத்தகைய பயிர்களுக்கு நாடெங்கும் நல்ல விலையைத் தந்தது. சந்தை விரும்பியது, இயந்திரம் இயன்றது, மணலோ எதையும் தேக்கி வைக்கவில்லை.

இதன் விளைவை 1980களில் நீரியல் ஆய்வாளர் அளந்து கண்டனர். தோட்டங்களை அடுத்த கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்குரிய எல்லையைக் கடந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் ஆகும். அதனை மீறிய நீர், புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைக்கவல்லது. பயிருக்கு இட்ட பசளையின் ஒரு பகுதி தொட்டில்வரை சென்றமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்களுட் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். சொந்த வயலும் தோட்டமும் இழந்து வந்தோருட் பலர் கற்பிட்டித் தோட்டங்களிற் கூலிக்கு உழைத்தனர். ஒரே நீர்வில்லையை நம்பிய வாய்களும் வேர்களும் ஒருங்கே பெருகின. இடம்பெயர்ந்தோரின் துயரம் அரசியல் வரலாற்றில் ஓரளவு பதிவாகியுள்ளது. அவர்கள் அருந்திய கிணற்றின் வரலாறு இன்னும் விரிவாக எழுதப்படவில்லை.

இலங்கையிலிருந்து இடம்பெயர்ந்த மக்களுட் கடல் கடந்தோரும் உளர். 1983இன் பின்னர் கனடா, பிரித்தானியா, நோர்வே முதலிய குளிர்நாடுகளிற் குடியேறிய தமிழருட் சிலர் அங்கும் வெண்டியை வளர்க்க முயன்றனர். குளிர்ந்த நிலம் அதற்கு இடந்தரவில்லை. எனவே சாடியே நிலமாயிற்று. விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து வீட்டினுள் முளைக்கச் செய்து, உறைபனி நீங்கிய பின்னர், வெயிலை ஈர்க்கும் கருநிறச் சாடியிலே தெற்கு நோக்கிய சுவரோரம் வைப்பது அங்குள்ள முறை. ஆணிவேர் அசையலாகாது என்பதால் நாற்றை மண்ணோடு பெயர்த்தே நடுவர். சாடிமண் விரைவிற் சூடாகும். ஆனால் விரைவிற் காயும். நீர் ஊற்றுந்தோறும் சத்து அடித்துளை வழியே வெளியேறும். ஆதலின் சிறிது சிறிதாக, அடிக்கடி ஊட்டுதல் வேண்டும்.

இவ்விரு செய்கைகளும் அடிப்படையில் ஒன்றே. கற்பிட்டி மணலும் ஒரு பெருஞ் சாடியே; வெப்பம் மிகுந்தது, தேக்கும் ஆற்றல் குறைந்தது. வேறுபாடு ஒன்று மட்டுமே உண்டு. குளிர்நாட்டுச் சாடியின் அடியில் வழிவது ஒரு தட்டில் விழுகிறது; வளர்த்தவர் அதைக் கண்ணாற் கண்டு மறுமுறை அளவைக் குறைக்கிறார். கற்பிட்டியில் வழிவதோ கிணற்றில் விழுகிறது. அதைக் கண் காண்பதில்லை. இறைத்த நீரை அளவிடுதல், பசளையைப் பிரித்துப் பிரித்து இடுதல், சேதனப் பசளையால் மணலின் பற்றுந்திறனைக் கூட்டுதல் ஆகியன புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. முன்பு கையின் வலு தானாக இட்ட எல்லையை இனி அறிவு இடவேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.